பால் குடிக்கும்போது வியர்க்கிறதா?

குழந்தைகள் இதயப் பிரிவில் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுப்பது என் வேலை. கைக்குழந்தை என்றால் அழுகையை அமர்த்துவதிலேயே பாதி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் அம்மாவிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "பால் குடிக்கும்போது தலை வியர்க்குதாம்மா?" பல அம்மாக்கள் உடனே சொல்வார்கள்: "ஆமா மேடம், ஃபேன் ஓடுனாலும் தலை நனைஞ்சிடுது. ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு வாங்குறான்." இதயம் திணறுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். சளி என்று நினைத்து நெபுலைசர் வைத்து, எடையும் ஏறாமல், கடைசியில் எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்த பிறகுதான் எங்களிடம் வந்திருப்பார்கள்.

அப்படி வரும் குழந்தைகளில் அபூர்வமாக ஒன்றிரண்டு பேருக்கு இடது கீழறையின் உள்சுவர் பஞ்சு போல இருக்கும். கருவில் இதயத் தசை முதலில் வலைப்பின்னலாகத்தான் உருவாகிறது. சுமார் 5 முதல் 8 வாரத்துக்குள் அது இறுகிக் கெட்டியாக வேண்டும். அது சரியாக நடக்காததால் வருவது இது என்றுதான் பரவலாக விளக்குகிறார்கள். இதயம் சுருங்கி முடியும் கணத்தில் படத்தை நிறுத்தி அளப்போம், உள்ளடுக்கின் தடிமன் வெளியடுக்கைப் போல 2 மடங்கைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் அந்த இடுக்குகளுக்குள் ரத்தம் புகுந்து வெளிவருவதே தெரியும்.

ஆனால் 'தசை பலவீனம்' என்று மட்டும் எழுதி ரிப்போர்ட்டை முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இடது கரோனரி தமனி மகாதமனியில் இல்லாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பினாலும் இதயம் இதே மாதிரி துவண்டுதான் தெரியும், அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்தால் பெரும்பாலும் தசை தேறிவிடும். வைட்டமின் டி குறைந்து கால்சியம் இறங்கிய குழந்தைக்கும் இப்படி ஆகும், அதற்கும் மருந்து இருக்கிறது. அதனால் குழந்தை எவ்வளவு கத்தினாலும் கரோனரி கிளம்பும் இடத்தைப் பார்க்காமல் மார்பில் வைத்த ஸ்கேன் கருவியை எடுக்க மாட்டேன். இதயத் தசை தடித்து, கை கால் துவண்டு, நாக்கும் பெரிதாக இருந்தால் பாம்ப் (Pompe) நோயா, அதாவது ஒரு நொதி குறைவதால் தசைகளைப் பாதிக்கும் பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு 2006 முதல் நொதி மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம். விலைதான் எந்தக் குடும்பத்துக்கும் எட்டாதது, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பஞ்சுத் தசைக் குழந்தைகளில் சிலர் மருந்தில் நன்றாகத் தேறுவார்கள். அப்புறம் சில வருடம் கழித்து மறுபடி இறங்கலாம், எனவே "பிள்ளை நல்லா ஓடி ஆடுது" என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோருக்கும் ஒருமுறை எக்கோ எடுத்துவிடுங்கள்.