ரிம்மில் அடைத்தேன், டயரில் துளைத்தேன்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று ஓட்டங்களையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், கையிலுள்ள ரிமோட்டால் ஓட்டும் என் சிறிய பந்தயக் காரான பகியின் பின்சக்கரங்களைக் கழற்றி, சந்தையில் தேங்காய் வாங்குபவர்கள் செய்வதைப் போலக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. சமையலறைத் தராசில் வைத்தபோது இடது சக்கரம் 63 கிராமும் வலது சக்கரம் 62 கிராமும் காட்டின. காலையில் புறப்படும்போது இரண்டுமே 61 கிராம். அன்று நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் விடியற்காலை தொடங்கிய தூறல் பகல் வரை விடவில்லை. இதே மைதானத்தில், இதே வகை டயர்கள், ஆனி மாதத்தில் ஒரு நாள் 78 கிராமும் 71 கிராமுமாகத் திரும்பி வந்தன என்று சொன்னால், இந்த ஒன்றிரண்டு கிராம் கணக்கை நான் ஏன் இவ்வளவு பெருமையோடு எழுத உட்கார்ந்தேன் என்பது பகி ஓட்டுபவர்களுக்கு விளங்கும்.

என்னுடையது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் வண்டி. ரிம் வழக்கமான 2.2 அங்குலம். தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கியதிலிருந்து, நேர்ப்பாதையில் வேகம் எடுத்தவுடன் வண்டியின் பின்பகுதி நடுங்கத் தொடங்கியது. முதலில் பெயாரிங்கைச் சந்தேகித்தேன், மாற்றினேன். பிறகு அச்சு வளைந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தேன், நேராகவே இருந்தது. அதிர்வுதாங்கியின் எண்ணெயையும் இரண்டு முறை மாற்றினேன். கவிழும் வண்டிகளை ஓடிப்போய் நிமிர்த்தி விடும் பக்கத்து லயத்துப் பையன்தான், ஓட்டம் முடிந்து நான் கையில் தூக்கிய வண்டியைப் பார்த்து, "அண்ணே, ஒங்க டயர் அழுவுது பாருங்க" என்றான். ரிம்மில் உள்ள காற்றுத் துளையிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் நான் தேடிய நோயை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

எல்லோரும் முதலில் கேட்பது டயரில் எந்த முள் (மண்ணைக் கவ்வும் ரப்பர்க் குமிழ்கள்), எந்த ரப்பர் என்பதைத்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை சீசனில் மகாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் பார்க்க வந்த கொழும்பு நண்பர்கள் சிலர், தங்கள் பகிகளையும் கொண்டுவந்து எங்கள் செம்மண்ணில் ஓட்டிப் பார்த்தார்கள். வெயில் அடித்த காலைப் பொழுதில் அவர்களுடைய குட்டை முள் டயர்கள் எங்களை மிக எளிதாக முந்தின. பிற்பகல் இரண்டு மணிக்குப் பனிமூட்டம் இறங்கி மண்ணின் மேல் ஈரம் படிந்ததும், அதே டயர்கள் முட்களுக்கிடையே சேற்றை அப்பிக்கொண்டு மொட்டை டயர்களாகிவிட்டன. எங்கள் மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட முள்ளே பொருந்தும். நான் ப்ரோலைன் நிறுவனத்தின் ஹோல் ஷொட் டயரை எம்4 ரப்பரில் பயன்படுத்துகிறேன். எம்3 அதைவிடச் சற்றுக் கடினமானது. வெப்பமான நாடுகளில் அது போதும். சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் நுவரெலியாப் பக்கத்தில், காலை எட்டு மணி ஓட்டத்துக்கு எம்3 ரப்பர் விறைத்துப்போய் மண்ணைக் கவ்வ மறுக்கிறது. எம்4 விரைவில் தேய்கிறது என்பது உண்மைதான். நான் வெளி வரிசை முட்களை நகவெட்டியால் பாதி உயரத்துக்குக் குறைத்துவிடுவதால், சால்களில் கால் தடுக்கியது போல வண்டி கவிழ்வதாவது குறைகிறது.

ஆனால் முள்ளும் ரப்பரும் எவ்வளவு சரியாக அமைந்தாலும், டயருக்குள் தண்ணீர் குடியேறிவிட்டால் எல்லாம் வீண். காற்றுத் துளை இல்லாமல் டயரை ஒட்டினால் அது பந்தாகத் துள்ளும். ஆகவே துளை வேண்டும். அந்தத் துளை ரிம்மில் இருப்பதுதான் இங்கே வினை. மேட்டில் ஏறிக் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் டயர் நசுங்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது, விரியும்போது துளையருகே எது இருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வறண்ட ஊர்களில் அது காற்று. எங்கள் ஊரில் அது குழம்பு. உள்ளே போன தண்ணீரைச் சுழற்சி வெளிப்பக்கமாக, அதாவது முட்களின் அடிப்புறத்தை நோக்கி வீசுகிறது. ரிம்மின் துளையோ அச்சுக்கு அருகில் இருக்கிறது. ஓடும் வரை அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழியே கிடையாது. நின்ற பிறகுதான் கொஞ்சம் வடிகிறது, அதைத்தான் பையன் பார்த்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் விட்டம் ஏறத்தாழ 85 மில்லிமீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 2500 முறை சுழலும். அப்போது டயரின் மேற்பரப்பில் இருக்கும் எந்தப் பொருளும் ஈர்ப்பைப் போல ஏறக்குறைய 300 மடங்கு விசையோடு வெளியே இழுக்கப்படும். டயருக்குள் திணித்து வைக்கும் ஸ்பொஞ்சின் ஒரு பக்கத்தில் 5 கிராம் தண்ணீர் தேங்கி நின்றாலே ஒன்றரைக் கிலோ எடையைக் கட்டிச் சுழற்றுவது போல் ஆகிவிடும். பெயாரிங் மாற்றிய பணம் எங்கே போனது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

திறந்த கண்ணறை ஸ்பொஞ்சை விட்டுவிட்டு மூடிய கண்ணறை ஸ்பொஞ்சுக்கு மாறினேன். அது தண்ணீரை உறிஞ்சுவதில்லை. எனினும் ஸ்பொஞ்சுக்கும் டயருக்கும் இடையே உள்ள சந்தில் தண்ணீர் தங்கத்தான் செய்தது. ஆகவே ரிம்மின் துளைகளை அடைத்துவிட்டு, டயரின் முட்களுக்கு நடுவே துளை போட்டு, தண்ணீரை வீசும் அதே சுழற்சியாலேயே அதை வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன். இந்த முறை புதியதன்று, பலரும் செய்வதுதான். ஆனால் மெல்லிய, மிருதுவான ரப்பரில் ஒரு வட்டத் துளையைச் சுத்தமாகப் போடுவது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் தையல் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினேன். நாற்றம் வீடு முழுவதும் பரவியது. துளையின் விளிம்பு கருகிக் கெட்டியாகி, இரண்டாவது ஓட்டத்திலேயே அங்கிருந்து ஒரு வெடிப்பு பக்கத்து முள்ளின் அடிவரை ஓடியது. கத்தி நுனியால் கீறினால் கீறல் கிழிசலாகும் என்பது தெரிந்ததால் அதை முயலவில்லை. அடுத்ததாக, பக்கத்துத் தோட்டத்தில் பொலித்தீன் கூடாரம் போட்டுக் குடைமிளகாய் வளர்க்கும் அண்ணனிடம் சொட்டுநீர்க் குழாயில் துளை போடும் கருவியை இரவல் வாங்கினேன். அது 4 மில்லிமீற்றர் துளை போட்டது. துளையோடு ஒரு முள்ளின் வேரும் போயிற்று, அந்த வழியாகக் குறுமணல் உள்ளே ஏறி ஸ்பொஞ்சை அரைத்தது. பிறகு நுவரெலியா பஸாரில் சப்பாத்து திருத்துபவரிடம் டயரைக் கொண்டுபோனேன். அவர் தோல் துளைக்கும் குறட்டால் அழுத்தினார். தோல் அசையாமல் நின்று கொடுக்கும். ரப்பரோ அழுத்தத்துக்கு விரிந்து, விட்டவுடன் சுருங்கி, மேலே அகன்றும் கீழே குறுகியும் புனல் போன்ற ஒரு துளையைத் தந்தது. "இது தோலு மாதிரி கேக்காது தம்பி" என்று சொல்லி, காசும் வாங்காமல் திருப்பித் தந்தார்.

வழி கிடைத்தது பழைய வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்துதான். அதன் இழுத்து நீட்டும் அன்டெனாவில் நுனிக்கு அருகிலுள்ள, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள குழாயை ஒரு விரல் நீளத்துக்கு அறுத்தெடுத்து, வாயின் உட்பக்க விளிம்பை எலிவால் அரத்தால் சரிவாகத் தீட்டினேன். வெளிப்பக்கத்தைத் தீட்டினால் துளை புனலாகிறது. உட்பக்கம் தீட்டினால்தான் சுவர் நேராக வருகிறது. டயரைப் பொலித்தீன் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில், மீன் பொதிக்கு அருகே, இரண்டு மணி நேரம் வைத்தேன் (இதைப் பற்றி அம்மா சொன்னவற்றை இங்கே எழுத இயலாது). விறைத்த டயரை உட்பக்கம் ஒரு மரக்கட்டை கொடுத்து நிறுத்தி, குழாயை ட்ரில்லில் பூட்டி, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, மிக மெதுவாகச் சுழற்றி இறக்கினேன். அழுத்தக் கூடாது, ட்ரில்லின் பாரமே போதும். ரப்பர் இளகுவதற்குள் இரண்டு துளைகளையும் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் மீனிடம் அனுப்ப வேண்டியதுதான். வெட்டுப்பட்ட ரப்பர் வில்லை குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். ஊசியால் தள்ளினால் மிளகை நறுக்கி வைத்தது போலக் கருப்பாக வெளியே விழும். ரப்பர் பழைய நிலைக்கு வந்ததும் துளை 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகச் சுருங்கி நின்றது. அதுவே எனக்குத் தேவையான அளவு.

டயருக்கு இரண்டு துளைகள் போதும். ஒன்றுக்கொன்று நேர் எதிரே, நடு வரிசையில், நான்கு முட்கள் சேரும் வெற்றிடத்தின் மையத்தில் அவை வர வேண்டும். நடுவில் போடுவதற்குக் காரணம், வேகத்தில் டயர் உப்பும்போது அச்சிலிருந்து மிகத் தொலைவில் நிற்பது அந்த இடம்தான் என்பதும் தண்ணீர் அங்கேதான் கூடும் என்பதும் ஆகும். ரிம்மின் துளைகளை அடைக்க முதலில் ஒட்டுநாடாவை நம்பினேன், ஈரத்தில் அது உரிந்துவிட்டது. இப்போது சைக்கிள் டியூபில் வெட்டிய பொட்டுகளைச் சுப்பர் க்ளூவால் ஒட்டுகிறேன், ஒன்றுகூட அசையவில்லை.

சுப்பர் க்ளூவைப் பற்றியும் ஒரு முறைப்பாடு உண்டு. காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகும் பசை அது என்பதால், பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஊரில் டயரின் விளிம்பைச் சரிசெய்ய அவகாசமே தராமல் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு ரிம்மைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தும் விடுகிறது. நான் ஒட்டும் வேலையை அடுப்பெரியும் சமையலறையில் வைத்துக்கொண்டு, பசைக் குப்பியை வறுத்த அரிசி போட்ட டின்னுக்குள் மூடி வைக்கிறேன். ரிம்மின் காடியை அரத்தாளால் தேய்க்காமலும், புது டயரின் விளிம்பிலுள்ள வழுவழுப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமலும் ஒட்டியவர்கள், மூன்றாவது வளைவில் டயர் தனியாக ஓடுவதைப் பார்க்க நேரும். நானும் பார்த்திருக்கிறேன்.

பழைய டயரைப் பிரித்து ரிம்மைக் காப்பாற்றுவது இன்னொரு கூத்து. கொதிநீரில் இருபது நிமிடம் போட்டால் பசை விட்டுவிடும் என்பார்கள். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது; கந்தப்பளையிலும் அதே கதைதான். இங்கே நாற்பது நிமிடம் கொதித்த பிறகும் குறட்டால் இழுக்க வேண்டியிருக்கிறது. பிரஷர் குக்கரில் வைத்தால் வெப்பம் கூடும் என்று விளக்கிச் சொன்னேன். குக்கர் மறுநாளே சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. அசெற்றோன் வேலை செய்யும், ஆனால் எரியும் அடுப்பு இருக்கும் அறையில் அதைத் திறக்க நான் தயாராக இல்லை.

ரிம்மைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் விலை மட்டும் அன்று. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது வெளிநாட்டுப் பொதி எதையும் வரவழைக்க முடியாமல் ஒரே சோடி ரிம்மை ஐந்து முறை கொதிக்க வைத்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இப்போது பொதிகள் வருகின்றன; ஆயினும் போன மாதம் நான் கேட்ட இருசக்கர இயக்கப் பகியின் முன் டயருக்குப் பதிலாக, ஒரு கடை நாற்சக்கர இயக்க வண்டியின் முன் டயரை அனுப்பிவைத்து, மாற்றித் தருவதற்கு அனுப்புச் செலவை என்னிடமே கேட்டது. அந்த டயர்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. அவற்றுக்குப் பொருத்தமாக ஒரு நாற்சக்கர இயக்க வண்டியையே வாங்கிவிடலாமா என்ற யோசனையும் இடையிடையே தலைகாட்டுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மீதமிருப்பது முன்சக்கரங்கள். அவை வரி டயர்கள். நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கிடையே உள்ள பள்ளத்தில் ரப்பர் மிக மெல்லியது, அங்கே துளை போட்டால் திருப்பத்தில் பக்கவாட்டு இழுவை தாங்குமா என்பது கேள்வி. ஒரு சக்கரத்தில் மட்டும் பள்ளத்தில் துளைத்து, மற்றதை ரிம் துளையோடு விட்டு, வரும் ஞாயிறு இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதாக உத்தேசம். புதிய டயர்கள் உறைதட்டில் இருக்கின்றன. பழையவை ரிம்மோடு பானையில் கொதிக்கின்றன. நாற்பது நிமிடத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது.