பவர் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன்: முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்

பேட்டை பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் கீ கிளட்ச் பிரஸ்தான் அதிகம் கண்ணில் படுகிறது. அதற்கு லைட் கர்ட்டன் (கை ஒளிக்கற்றையை மறைத்ததும் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும் கருவி) மாட்டவே கூடாது. ஸ்ட்ரோக் தொடங்கிவிட்டால் நடுவில் நிற்காது, விரல் போய்விடும். அதற்குக் கூண்டுதான்.

நடுவிலேயே நிறுத்தக்கூடிய ஏர் கிளட்ச் என்றால் கர்ட்டன், ரிலே, பிரேக் எல்லாம் சேர்த்து நிற்கும் நேரத்தை விநாடியில் அளந்து 2000-ஆல் பெருக்குங்கள்; கர்ட்டனை எவ்வளவு தள்ளி மாட்ட வேண்டும் என்பது மி.மீ.-இல் வரும். 0.2 விநாடிக்கு, டையிலிருந்து 400 மி.மீ. இது 14 மி.மீ. ரெசல்யூஷனுக்கு (கர்ட்டன் தவறாமல் கண்டுபிடிக்கும் மிகச் சிறிய தடிமன்), 30 என்றால் இன்னும் 128 கூட்ட வேண்டும். பிரேக் லைனர் தேய்ந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

கர்ட்டனில் ஒளி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் அதை வாங்கும் ரிசீவரும் ஒரே உயரம், கேபிள் முனை ஒரே பக்கம். ஒளி சேர்ந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்ததுமே போல்ட்டை இறுக்காதீர்கள். இடமும் வலமும் திருப்பி, அணையும் இடங்களைக் குறித்து, நடுவில் நிறுத்துங்கள். பளபளக்கும் தகடு அருகில் இருந்தால் ஒளி அதில் பட்டுச் சுற்றிப் போகும். கை உள்ளே இருந்தாலும் பச்சைதான் காட்டும். அதனால் ரெசல்யூஷன் அளவே தடிமனுள்ள டெஸ்ட் ராடை (14 என்றால் 14 மி.மீ.) மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். ஓரிடத்தில் பச்சை மினுங்கினாலும் பிரஸ்ஸை ஓட்டக்கூடாது. ஆடிக் காற்றில் லென்ஸில் புழுதி அப்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.