100,000 வெள்ளிக்கு எடுத்த காப்புறுதி, கொடுக்க வந்தது 60,000

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கும் என் சித்திக்கு, சித்தப்பா தவறிய பிறகு வரவேண்டிய ஆயுள் காப்புறுதிப் பணம் 100,000 வெள்ளி (ரிங்கிட்). நிறுவனம் தருகிறேன் என்றது 60,000. சித்தப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததை விண்ணப்பத்தில் சொல்லவில்லையாம், சொல்லியிருந்தால் மாதம் 180க்குப் பதில் 300 வெள்ளி கட்டச் சொல்லியிருப்பார்களாம், அதனால் 300க்கு 180 என்று கணக்குப் போட்டு நூற்றுக்கு அறுபதுதான் கிடைக்குமாம்.

இந்தக் கணக்கு அவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையிலேயே இருக்கிறது: தெரிந்தே பொய் சொன்னால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், கவனக்குறைவாகச் சொல்லாமல் விட்டிருந்தால் இப்படி விகிதம் பார்த்துக் குறைக்கலாம். (பாலிசி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மோசடி என்று காட்டாமல் ரத்து செய்ய முடியாது. சித்தப்பாவின் பாலிசிக்கு இரண்டு வருடம் ஆகவில்லை.) சொந்தக்காரர்கள் பலர், வந்த வரைக்கும் போதும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள் என்றார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை.

ஏனென்றால் அந்த விண்ணப்பத்தை நிரப்பியது சித்தப்பா இல்லை, ஏஜெண்ட். வீட்டு ஹாலில் உட்கார்ந்து தன்னுடைய ஐபேடில் அவரே எல்லாவற்றையும் தட்டிவிட்டு, கடைசியில் நீட்டினார், சித்தப்பா விரலால் கையெழுத்துப் போட்டார். சித்தி பக்கத்தில்தான் இருந்தார். அதற்கு முந்தின நாளே சித்தப்பா அரசாங்க கிளினிக் கார்டைப் படம் பிடித்து ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மாத்திரை பெயர், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கீழே ஏஜெண்டின் பதில்: "ஓகே அண்ணே, நான் பார்த்துக்கிறேன்." சித்தப்பாவின் பழைய போனைச் சார்ஜ் போட்டு இதைப் பார்த்தபோது சித்தி அழுதுவிட்டார். மனுஷன் எதையும் மறைக்கவில்லை.

அதே அட்டவணையின் 12ஆவது பத்தியை நிறுவனத்தின் கடிதத்தில் காணோம். நிறுவனம் அங்கீகரித்த ஏஜெண்ட் பேசி முடித்த ஒப்பந்தத்தில், அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கும் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஏஜெண்டும் காப்புறுதி எடுத்தவரும் கூட்டுச் சேர்ந்து மறைத்திருந்தால் மட்டும் அது செல்லாது. அவர்கள் அந்தப் பக்கம்தான் இழுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன், ஆனால் கார்டையே படம் பிடித்து அனுப்பியவரை மறைத்தார் என்று எப்படிச் சொல்வது?

பணத்தோடு வந்த ரசீதில், இதையே முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி இருந்தது. சித்தி அதில் கையெழுத்துப் போடவில்லை. முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதினோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் ரொம்ப முக்கியம், இறுதி முடிவு கிடைத்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது இந்த மாதிரித் தகராறுகளைக் கோர்ட்டுக்கு வெளியே விசாரித்துத் தீர்த்துவைக்கும் அமைப்பிடம், போய்விட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அதன் பெயர் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை. அலுவலகம் கோலாலம்பூரில், ஆனால் பினாங்கில் இருந்தபடியே ஆன்லைனில் கொடுக்கலாம். புகார் செய்பவருக்குச் செலவு கிடையாது, ஆயுள் காப்புறுதியில் 250,000 வெள்ளி வரை பார்ப்பார்கள். அங்கே வரும் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், பிடிக்காவிட்டால் நாம் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த ஒரு விஷயத்துக்காகவே, லாயரைத் தேடுவதற்கு முன்னால் யாரும் முதலில் இங்கே போங்கள் என்பேன்.

புகார் பதிவாகிவிட்டது. வாட்ஸ்அப் படங்கள், கிளினிக் கார்டு, விண்ணப்ப நகல் மூன்றையும் இணைத்திருக்கிறோம். அங்கே சரிப்படாவிட்டால் மீதி 40,000க்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போடுவது என்று சித்தி முடிவெடுத்துவிட்டார், பட்டர்வொர்த்தில் ஒரு லாயர் தாள்களைப் பார்த்தும் வைத்திருக்கிறார்.