மண்டபத்துக்கும் மண்ணுக்கும் ஒரே ஷூ

நண்பர் மகளின் கல்யாணம் கும்பகோணத்தில். சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம், திங்கள் கார்த்திகை முதல் தேதி. மாயவரத்தில் அன்றைக்கு முடவன் முழுக்கு என்கிற காவிரிக் குளியல் என்பதால் அதையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம். மூன்று நாளுக்கும் முதுகில் மாட்டும் ஒரே பைதான் எடுத்துப்போவது என்று வீம்பாக இருந்தேன். சட்டையைச் சுருட்டலாம், வேட்டியை மடிக்கலாம், ஷூவை என்ன செய்வது? அதனால் ஒரே ஜோடி. ரிசப்ஷன் மேடையில் கௌரவமாகத் தெரிய வேண்டும். மறுநாள் அதே ஷூ ஏழெட்டு கிலோமீட்டர் நடக்கவும் விட வேண்டும்.

"ஸ்போர்ட்ஸ் ஷூவே போட்டுக்கிட்டு வாங்க. உங்க காலை யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி. பட்டுப்புடவைக்கு ஒன்று, சுடிதாருக்கு ஒன்று என்று தனக்கு மட்டும் இரண்டு ஜோடி செருப்பு எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்பு லேஸ் ஷூ இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு வாங்கியது. ஐந்தாறு தடவைக்கு மேல் போட்டதில்லை. அட்டைப்பெட்டிக்குள் பட்டுத் தாள் சுற்றி, கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. பாலிஷ் போட்டதும் பளபளத்தது. அதையே மாட்டிக்கொண்டு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

விடியற்காலையில் கும்பகோணம். ராத்திரி மழை பெய்து ஓய்ந்திருந்தது. அறையில் பையைப் போட்டுவிட்டு, பித்தளை டபராவில் ஒரு டிகிரி காபி குடித்த தெம்பில், தாராசுரம் வரைக்கும் நடந்தே போகலாம் என்றேன். நாலு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஷூவுக்கும் ஒரு வெள்ளோட்டம்.

பாதி வழியில் இடது குதிகால் மெத்தென்று அமுங்கியது. பரவாயில்லையே, உள்ளே குஷன் வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச தூரத்தில் வலதும் மெத்தென்றானது. பின்னால் வந்த மனைவி, "ஏங்க, உங்க கால்லேர்ந்து ஏதோ கொட்டுது" என்றாள். திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள், எள்ளுருண்டையை உதிர்த்துக்கொண்டே வந்தது போல. சோல் மாவாகிக்கொண்டிருந்தது. கோயில் வாசல் வருவதற்குள் அடியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. செருப்பு வைக்கிற இடத்திலிருந்த அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு டோக்கன் வேணுமா சார்?" என்று கேட்டார்.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். லேசாகவும் மெத்தென்றும் இருக்கும் ஷூக்களின் அடிப்பாகம் பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் வருஷக்கணக்கில் அதற்குள் இறங்கி, அதன் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. போட்டு நடந்தால்தான் தேயும், பெட்டியில் வைத்தால் புதுசாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். இந்த சோலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மூடிய பெட்டிக்குள்ளேயே அதன் ஆயுள் கரைந்துவிடும். கல்யாணத்துக்கென்று ஒரு ஜோடியைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்துக் கட்டைவிரலால் சோலை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தாலோ துகள் வந்தாலோ, அந்த ஷூ வீட்டிலேயே இருக்கட்டும்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12-ஆம் நூற்றாண்டு. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மழை பெய்தால் வளாகத்தில் தண்ணீர் தேங்கும். அன்றைக்கும் குதிரை பூட்டிய கல் தேரின் சக்கரம் தன் நிழலின் மேலேயே நின்றது. வெறுங்காலில் அந்தக் குளிர்ந்த கல்லின்மேல் நடந்தபோது ஷூ துக்கம் பாதி போனது. கருவறைச் சுவரின் வெளிப்புறத்தில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச்சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணப்பர். லிங்கத்தின் கண் இருக்கும் இடம் தெரிய வேண்டுமே என்று செருப்புக் காலையே அதன்மேல் ஊன்றிக்கொண்ட வேடர். நானறிந்தவரை செருப்போடு சன்னதிக்குள் போய் நல்ல பேர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் வாசலில் கழற்றியாக வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தப் பயணத்தில் நான் படித்த பாடமே. அதைச் சொல்லிக் கொடுத்தவர் கும்பகோணத்தில் சாலையோரம் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த செருப்பு தைக்கும் பெரியவர். தாராசுரத்தில் பெட்டிக்கடையில் வாங்கிய நீல வார் ரப்பர் செருப்பில் போய் அவர் முன்னால் நின்றேன். ஷூவைக் கையில் வாங்கி மேல்தோலை விரலால் வருடினார்.

"மேல நல்லாத்தான் சார் இருக்கு. அடி செத்துப்போச்சு. சாயங்காலத்துக்குள்ள வேற சோல் போட முடியாது, போட்டாலும் நிக்காது."

"அப்ப புதுசுதான் வாங்கணுமா?"

"வாங்குங்க. ஓரத்துல தையல் ஓடியிருக்கானு பாருங்க. ரப்பர் சோலா பாருங்க. லேஸ் மட்டும் வேணாம் சார். எங்க ஊர்ல எங்க போனாலும் வாசல்ல கழட்டணும். ஒவ்வொரு வாசல்லயும் குனிஞ்சு முடிச்சு அவுத்துக்கிட்டு இருந்தா சாமி எப்பப் பாக்குறது?"

நடப்பதற்கு ஏற்ற ஷூ என்று நான் படித்த எல்லாமும் காலில் இருக்கும் ஷூவைப் பற்றியே பேசுகின்றன. டெல்டாவில் ஷூ காலில் இருப்பதும் காலைவிட்டு இறங்குவதும் பாதிக்குப் பாதி. மறுநாள் எண்ணிப் பார்த்தேன்: கோயில், சிற்பக்கூடம், ஒரு சொந்தக்காரர் வீடு, மண்டபம் என்று காலையிலிருந்து ராத்திரி வரை பதினோரு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். லேஸ் ஷூவாக இருந்தால் பதினோரு தடவை ஒற்றைக்காலில் தூணைப் பிடித்துக்கொண்டு தாண்டவம்.

கடைக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனேன். வேறு நேரம் இல்லாததால்தான் போனேன் என்றாலும் அதுவே சரியான நேரம். நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும். மாலையில் சரியாக இருப்பது காலையிலும் சரியாகத்தான் இருக்கும். போடப்போகும் சாக்ஸையும் பையில் கொண்டுபோயிருந்தேன்.

வழக்கமாக எட்டாம் நம்பர். எட்டு இடது சுண்டுவிரலை நெருக்கியது. பலருக்கும் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது, எனக்கு இடது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய கணக்கில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். காவிரிக்கரையில் கண்டுபிடித்திருந்தால் நெல்மணியில் அளந்திருப்பார்கள், நம் கால்கள் எல்லாம் பத்துப் பதினைந்து நம்பர் ஆகியிருக்கும். ஒன்பது போட்டேன். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருந்தது, குதிகால் மட்டும் துளி எழும்பியது. கடைப் பையன் கம்பளத்தில் நடக்கச் சொன்னான். கம்பளத்தில் எந்த ஷூவும் சுகமாகத்தான் இருக்கும் தம்பி என்று சொல்லிவிட்டு வாசல் கருங்கல் படியில் நாலு தடவை ஏறி இறங்கினேன். ஷூவை வளைத்துப் பார்த்தேன். ஷூ விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நட்டநடுவில் மடிந்தால் உள்ளே பலம் இல்லை என்று அர்த்தம், மாலைக்குள் உள்ளங்கால் வலிக்கும்.

கடைசியில் எடுத்தது காபிக்கொட்டை நிறத்தில் லேஸ் இல்லாத லோஃபர். ஆம்பூரில் தைத்தது என்றார் கடைக்காரர். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழில் அந்த ஆற்றை என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்தும், கையில் எடுத்த ஷூவைக் கீழே வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் வழியில் பார்த்த கால்கள். இங்கே காய்ந்த வண்டல் சாம்பல் நிறப் பொடி. கறுப்பு ஷூவில் திருநீறு பூசிய மாதிரி தெரிகிறது, பழுப்பில் தெரிவதில்லை. ஸ்வேட் என்கிற வெல்வெட் மாதிரித் தோல் பக்கமே போகவில்லை. சேறு ஒரு தடவை பட்டால் அந்தத் தோலின் கதை முடிந்தது.

புது ஷூவை வீட்டுக்குள் ஒரு வாரமாவது போட்டுப் பழக்காமல் வெளியே போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், வாங்கிய ஒன்றரை மணி நேரத்தில் ரிசப்ஷன் வரிசையில் நின்றேன். மேடையில் புகைப்படக்காரர் எங்களை முழங்காலுக்கு மேல்தான் எடுத்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். பந்தியில் உட்காரும்போது வலது குதிகாலில் காந்தல் ஆரம்பித்திருந்தது.

ஞாயிறு முகூர்த்தத்துக்கு வேட்டி, வெறுங்கால், கவலையே இல்லை. சாப்பிட்டுவிட்டு நேராகப் பெரியவரிடம் போனேன். செருப்புக்கடியைக் காட்டினேன். ஷூவின் பின்விளிம்பை இரும்புக் காலில் கவிழ்த்து வைத்து, உள்மடிப்பைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி இளக்கினார். பிறகு ஒரு மெழுகுவர்த்தித் துண்டால் தேய்த்தார். பதினைந்து ரூபாய் கேட்டார். ஐம்பது கொடுத்ததற்கு மீதியைச் சரியாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார். "பின்னால மிதிச்சு மாட்டாதீங்க சார், ஒரு ஸ்பூன் வச்சுக்கங்க." அறையில் இருந்த எவர்சில்வர் ஸ்பூனின் காம்பு அன்றிலிருந்து என் சட்டைப்பையில்.

மாலை சுவாமிமலை. அறுபது படி, தமிழ் வருஷத்துக்கு ஒன்று. கீழே வெண்கலச் சிலை வார்க்கும் ஒரு கூடத்தில் அனுமதி கேட்டு நுழைந்தோம். மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காய்ந்ததும் சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஏன் இந்த மண்தான் என்று கேட்டேன். "மாவு மாதிரி நைசு சார். நகக்கண்ணுல உள்ள கோடுகூட அப்படியே விழும்" என்றார் அங்கிருந்த சிற்பி.

அந்த நைசு எப்படிப்பட்டது என்று வெளியே வந்து ஆற்றங்கரைப் பக்கம் நடந்தபோது என் ஷூவுக்கும் தெரிந்தது. ஆழமான பள்ளம் வெட்டிய சோலாக இருந்தால் கிலோ கணக்கில் அப்பிக்கொண்டிருக்கும். என்னுடையதில் மேலோட்டமான கோடுகள்தான் என்பதால் புல்லில் தேய்த்தால் பெரும்பகுதி போனது. கோடுகளுக்குள் போனது போகவில்லை. ராத்திரி அறையில் தோலை ஈரத்துணியால் துடைத்து, தினசரித் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்கு நேராக வைத்தேன். ஈரமான தோலை வெயிலிலோ ஹீட்டர் பக்கமோ வைத்தால் விறைத்து வெடித்துவிடும். ஒருமணி நேரத்தில் தாளை மாற்ற வேண்டும். சாக்ஸும் மாற்றினேன். முழுப்பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளத்தை அழைத்து வரும். கொஞ்சம் நைலான் கலந்த மெல்லியது தேவலை.

திங்கட்கிழமை மாயவரம். ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளிக்கும் துலா முழுக்கு அந்த மாதத்தின் கடைசி நாளோடு முடிந்துவிடும். கால் முடமான ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துபோக, அவருக்காக சிவன் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தார் என்பது கதை. அந்த ஒரு நாள்தான் கார்த்திகை முதல் தேதி. துலாக்கட்டத்துப் படிகள் பாசியும் ஈரமுமாக இருந்தன. லோஃபரைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். படியோரம் ஒரு தாத்தா தன் டயர் செருப்பில் ஒன்றை அரசமரத்தடியிலும் மற்றதைப் பத்தடி தள்ளிச் சுவரோரத்திலும் விட்டுவிட்டு இறங்கினார். ஒற்றைச் செருப்பை எவனும் திருட மாட்டான். நானும் அப்படியே செய்தேன். "தொலைஞ்சா சனி விட்டுச்சுன்னு வச்சுக்கங்க" என்றாள் மனைவி. விலை தெரிந்துமா இப்படிச் சொல்கிறாள் என்று, ஒரே முழுக்கு போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டேன். இரண்டும் இருந்தன.

சென்னைக்கு வந்து நாலு நாள் கழித்து, பால்கனியில் வைத்திருந்த ஷூவை எடுத்துத் தட்டினேன். சோலின் கோடுகளில் ஏறியிருந்த மண் காய்ந்து, பிசிறில்லாமல் பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சோலில் பள்ளமாக இருந்த எழுத்தெல்லாம் அதில் புடைத்து, இடவலம் மாறி, ஒன்பது என்ற நம்பர் உட்பட. கூட்டித் தள்ளலாமா என்று யோசிப்பதற்குள் மனைவி முறத்தில் வாரி, நொறுக்கி, துளசித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.