தலைவர்கள் பகுதியை எப்படிப் படிப்பது? கக்கனை வைத்து ஒரு வழி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: தலைவர்கள் பகுதி மட்டும் ஏன் மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது? நிற்காதுதான். பிறந்த ஊர், ஆண்டு, பதவி, பட்டப்பெயர் என்று ஐம்பது பேரை ஆளுக்கு நாலு வரியில் படித்தால் தேர்வு அறையில் எல்லாரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரிவார்கள். ஒருவரை முழுசாகப் படியுங்கள், மற்றவர்கள் அவர் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. நான் எடுத்துக்கொண்டது காமராஜர், பக்தவத்சலம் ஆட்சிகளில் அமைச்சராக இருந்த கக்கனை.

எளிமையானவர், நேர்மையானவர் என்பதற்காக அவரை எடுக்கவில்லை. யூனிட் 8 என்று நாம் சொல்லிப் பழகிய தமிழக அரசியல், சமூக இயக்கங்கள் பகுதியின் முக்கியமான தலைப்புகள் பலவற்றிலும் இந்த மனிதர் ஏதோ ஒரு இடத்தில் நிற்கிறார், அதனால்தான்.

நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் அவர் சொந்த வாழ்க்கை, வலது பக்கம் அதே ஆண்டில் நாட்டில் நடந்தது. இடது பக்கம் முதல் வரி: 1908 ஜூன் 18, மேலூர் பக்கம் தும்பைப்பட்டி, தந்தை பூசாரிக் கக்கன். கிராமக் கோயில் பூசாரியின் மகன், ஆனால் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்ததால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் கால் வைக்க முடியாது. இந்த ஒரு முரண் மனதில் பதிந்துவிட்டால் 1939 தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் மதுரை வைத்தியநாத ஐயர் அந்தக் கோயிலுக்குள் அழைத்துப்போன சிறு குழுவில் கக்கனும் ஒருவர். வலது பக்கம் எழுத வேண்டியது: அப்போது ராஜாஜி ஆட்சி, கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு, நுழைவை எதிர்த்தவர்கள் வழக்குப் போடாதபடி முதலில் அவசரச் சட்டம், அப்புறம் கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம். நுழைவு முதலில் நடந்தது, சட்டம் பின்னால் வந்தது. காலவரிசைக் கேள்விகளில் பலர் வழுக்குவது இங்கேதான்.

இதே ஐயர் 1955இல் இறந்தபோது நடந்ததையும் இடது பக்கத்தில் எழுதிவையுங்கள். கக்கன் மொட்டை போட்டு, ஐயரின் பிள்ளைகளோடு தானும் ஒரு பிள்ளையாக நின்று காரியம் செய்தார். சொந்தக்காரர்கள் சிலர் எதிர்த்தும் ஐயர் வீட்டார் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்போது கக்கன் மக்களவை உறுப்பினர். தேர்வில் இது நேரடியாக வராமல் போகலாம். ஆனால் கோயில் நுழைவு ஒரு நாள் ஊர்வலமாக முடியவில்லை, இரண்டு வீடுகளுக்கு நடுவே உறவாகவே நீண்டது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நடுவில் உள்ளதை வேகமாகத் தாண்டலாம். 1946 முதல் அரசியல் நிர்ணய சபை, 1952இல் மதுரையிலிருந்து மக்களவை, 1957இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை, 1962இல் வேளாண்மை. பொதுப்பணி என்று எழுதும்போதே பக்கத்தில் வைகை அணை, 1959 என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி அணைப் பட்டியலில் அந்த ஒன்று மறக்காது.

1963 அக்டோபரில் கொஞ்சம் நில்லுங்கள். கட்சிப் பணிக்காகக் காமராஜர் 2ஆம் தேதி முதலமைச்சர் பதவியை விடுகிறார் (கே-பிளான் எனப்படும் காமராஜர் திட்டம்), பக்தவத்சலம் வருகிறார், கக்கன் உள்துறை அமைச்சராகிறார். அடுத்து 1965, இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு. உள்துறை யார் கையில் இருந்தது? கக்கன் கையில்தான். அவரைப் பற்றி வரும் நெகிழ்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தை நைசாகத் தாண்டிப் போய்விடும், நீங்கள் தாண்டாதீர்கள். நல்ல மனிதர் ஒருவர் இருந்த நாற்காலிக்கும் பொறுப்பு உண்டு, அதைச் சேர்த்துப் படித்தால்தான் 1967 புரியும். அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜர், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம், மேலூரில் கக்கன் என்று எல்லாரும் தோற்றார்கள். கூற்று - காரணம் வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

இனி கதைகள். தம்பிக்குக் கிடைத்த போலீஸ் வேலையை உள்துறை அமைச்சரான அண்ணனே தடுத்தார் என்பது அதில் பிரபலமானது, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். இப்படிக் காதில் விழுவதையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், தேதியும் ஆவணமும் இருப்பதை மட்டும் பேனாவால். கொள்குறித் தேர்வுக்குப் பேனா போதும். வீட்டை அவர் எப்படி நடத்தினார் என்பது பென்சில் பக்கம்தான் அதிகம் இருக்கிறது, குரூப் 2 மெயின்ஸில் நேர்மை, நிர்வாகம் பற்றி எழுத வந்தால் அது உதவும், ஆனால் 'சொல்லப்படுகிறது' என்ற சொல்லோடு எழுதுங்கள்.

பதவி போன பிறகு வாடகை வீடு, பஸ் பயணம். மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தவரை, அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாகத் தெரிந்துகொண்டு போய்ப் பார்த்தார், உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார். பத்து வருடம் அமைச்சராக இருந்த ஒருவர் மனைவி சொர்ணம் பார்வதிக்கும் பிள்ளைகளுக்கும் சொத்து என்று பெரிதாக எதுவும் சேர்த்துவைக்கவில்லை. இதைத் தியாகம் என்று கொண்டாடுகிறோம். அந்த வீட்டில் இருந்தவர்கள் கொடுத்த விலையை யாரும் கேட்பதில்லை என்பது என் தனிப்பட்ட ஆதங்கம், சிலபஸில் இல்லை. 1981 டிசம்பர் 23இல் இறந்தார். 1999இல் தபால்தலை வந்தது, இதை நடப்பு நிகழ்வுகள் மாதிரி ஒற்றை வரியில் வைத்துக்கொள்ளலாம்.

திருப்புதலுக்கு இடது பக்கத்தை மூடிவிட்டு வலது பக்கத்தை மட்டும் பார்த்து அவர் அப்போது எங்கே இருந்தார் என்று சொல்லிப் பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஹாலில் இரண்டு விடைக்கு நடுவே தடுமாறும்போது இந்தக் கோடு கண்முன் வரும். வரவே இல்லையென்றால் விடை தெரியவில்லை என்ற E வட்டத்தையாவது மறக்காமல் நிரப்புங்கள், ஓஎம்ஆர் தாளில் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது.

கக்கனை முடித்தவர்கள் அடுத்து முதலமைச்சராக இருந்த ஓமந்தூராரை எடுக்கலாம், 1947 - 49 காலமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதில் அடங்கிவிடும். பொருளாதாரம் உதைக்கிறவர்களுக்கு மத்திய வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சி முழுவதும் அவர் வழியாகவே ஓடுகிறது.