மூன்று ஓட்டைக் கண்ணாடியும் சொட்டு நீலமும்

பொங்கலுக்கு மறுநாள், வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தேக்சாவில் பாயசம் வைத்தது என் தப்புதான். பாத்திரம் பர்னரைத் தாண்டி அகலமாக உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரமாகத் தீயின் சூடெல்லாம் கீழே அடுப்பின் கண்ணாடித் தட்டு மேலேயே இறங்கியிருக்கிறது. படார்! அடுப்பு முழுக்கக் கல்லுப்பைக் கொட்டினாற்போல் கறுப்புச் சில்லுகள். சிலிண்டரை மூடிவிட்டு, பாயசத்தையும் சிங்க்கில் கொட்டினேன்.

ஒன்பது வருஷத்து அடுப்பு. பித்தளை பர்னர்கள் இன்னும் புதுசு மாதிரி இருக்கின்றன. கம்பெனி ஆள் வந்து, ஐந்து நிமிஷம் கூட நிற்காமல், "மாடல் பந்த் ஹோ கயா மேடம் (அந்த மாடலை நிறுத்திட்டாங்க), எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்குங்க" என்றார். இதைச் சொல்ல விசிட்டிங் சார்ஜ் 450 ரூபாய். மாடல் நம்பரை போனிலேயே சொல்லியிருந்தேன். அப்போதே இதைச் சொல்ல வாய் வரவில்லை. கூப்பிடுவதற்கு முன் "இந்த மாடலுக்குக் கண்ணாடி கையில் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

சரி, கண்ணாடிக் கடைக்கே போவோம் என்று கிளம்பினேன். முதல் கடைக்காரர் சாதாரணக் கண்ணாடியை அன்றைக்கே பாதி விலையில் வெட்டித் தருகிறேன் என்றார். ஆசைப்பட்டுவிடாதீர்கள். அடுப்புக்கு டஃபன்ட் கண்ணாடிதான் வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பது அது. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டு, கத்தி கத்தியாக உடையும். ஆனால் டஃபன்டில் ஒரு வம்பு: சூளைக்குப் போய் வந்தபின் வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. அளவெல்லாம் முன்னாலேயே கச்சிதமாகக் கொடுத்துவிட வேண்டும்.

பழைய கண்ணாடியோ முறத்தில் கிடக்கிறது. அதை வைத்து எதை அளப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பர்னரையெல்லாம் கழற்றிவிட்டு, மூன்று குழாய் வாயிலும் சொட்டு நீலம் தடவி, அடுப்பைக் கவிழ்த்துச் சார்ட் பேப்பரில் ஒரு அழுத்து. மூன்று வட்டம், அச்சு அசலாக. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எட்டு நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. 1,800 ரூபாய். பெட்ஷீட்டில் சுற்றி, மும்பை மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, மாட்டுங்கா வரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். அடுப்பில் வைத்தால், இடப்பக்கம் இருக்க வேண்டிய பெரிய ஓட்டை வலப்பக்கம் இருக்கிறது.

கடைக்குப் போன் போட்டால், "திருப்பிப் போட்டுக்குங்க" என்கிறார். அடிப்பக்கம்தான் கறுப்புப் பூச்சு. திருப்பினால் அது மேலே வரும், கரண்டி பட்டாலே உரியும். விளிம்பின் சரிவும் மேல்பக்கம் மட்டும்தான்.

அப்புறம் தாராவி 90 அடி ரோடில் அடுப்பு ரிப்பேர் பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போனேன். சார்ட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்னம்மா, ரப்பர் ஸ்டாம்புல்ல அடிச்சிருக்கீங்க! கவுத்து அடிச்சா இடது வலதாத்தான விழும்?"

கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவரே ஒரு ஹார்ட்போர்டை வெட்டி, ஓட்டை போட்டு, அடுப்பின் மேலேயே உட்காரவைத்துப் பார்த்தார். குழாயைச் சுற்றி மூன்று மில்லி இடைவெளி விட்டார். ஒட்டி இருந்தால் சூட்டில் மறுபடி உடையுமாம். பர்னரடி வளையம் அந்த இடைவெளியை மறைத்துக்கொள்கிறது. கடைசியாக மார்க்கரில் பெரிதாக எழுதினார்: மேல் பக்கம்.

இரண்டாவது கண்ணாடி சரியாக உட்கார்ந்தது. அடியில் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டத்தான் ஒரு மதியம் போனது. பொருத்தியபின் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை. முதல் நாள் பால் காய்ச்சியபோது மட்டும் இரண்டடி தள்ளியே நின்றேன்.

முதல் கண்ணாடியைக் கடைக்காரர் கால் விலைக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. யார் வீட்டிலாவது வலப்பக்கம் பெரிய பர்னர் இருந்தால் சொல்லுங்கள்.