ஸ்டென்டுக்குப் பிறகான மாத்திரைகள்: முதல் ஓராண்டு அனுபவம்

மாரடைப்புக்குப் பின், அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டை வைத்துக்கொண்ட என் போன்றவர்களிடம் எல்லோரும் அந்தச் சிகிச்சையைப் பற்றியே விசாரிக்கிறார்கள். அது சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. அதன்பின் ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் என்னுடன் இருந்தவை மாத்திரைகள்தாம். ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின் 75 மி.கி.யும் காலையும் இரவும் டிகாக்ரெலர் 90 மி.கி.யும், கொலஸ்ட்ராலைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின் 80 மி.கி., இவற்றுடன் நாடித்துடிப்பை நிதானப்படுத்த மெட்டோபிரோலால், ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், வயிற்றைப் பாதுகாக்கப் பாண்டோபிரசோல் என்று மருந்துச்சீட்டு நீண்டது. இவற்றின் பக்கவிளைவுகளை உடனுக்குடன் உணர முடிகிறது. நன்மையோ உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் நடக்கிறது. அதனால்தான் பலர் இடையில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

ஆஸ்பிரினும் டிகாக்ரெலரும் ஏன் சேர்ந்தே தரப்படுகின்றன என்பதை மருத்துவர் தெளிவாக விளக்கினார். ஸ்டென்ட் ஓர் உலோக வலை. ரத்தக்குழாயின் உட்படலம் அதன் மேல் வளர்ந்து மூடும்வரை, ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு கட்டியாக உறையும் அபாயம் உண்டு. அப்படி உறைந்தால் குழாய் திடீரென அடைபட்டு, இன்னொரு மாரடைப்பாகவே முடியலாம். இந்த விளக்கம் மனத்தில் பதிந்திருந்ததால், கைக்கடிகாரப் பட்டை அழுத்திய இடத்தில் நாணயம் அளவுக்குக் கன்றிப்போனதையும், பல் துலக்கும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்ததையும் கண்டு நான் மிரளவில்லை. மலம் கறுப்பாகத் தார்போல் வெளியேறினாலோ, மூக்கிலிருந்து வழியும் ரத்தம் நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் வரவேண்டும் என்பதுதான் எனக்கு வகுத்துத் தரப்பட்ட எல்லை.

இடையில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. சில நாள்கள் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு வரும்படி பல் மருத்துவமனையில் சொன்னார்கள். நான் அதற்கு இணங்காமல் முதலில் இதயநோய் நிபுணரைக் கேட்டேன். ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது என்று அவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். பல்லைப் பிடுங்கியபின் பஞ்சுத்துணியை வழக்கத்தைவிட நெடுநேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வலிக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவை அதிகமாக்கும், ஆஸ்பிரினின் வேலைக்கும் குறுக்கே நிற்கும்.

என்னை மிகவும் கலங்கடித்தது மூச்சுதான். படியேறும்போது ஒன்றும் இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும்போது மூச்சு போதாததுபோல் தோன்றி, நெஞ்சு நிறைய இழுத்துவிடத் தோன்றும். இதயம் மீண்டும் பழுதாகிவிட்டதோ என்ற அச்சத்துடன் சென்றேன். இசிஜி, எக்கோ, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்துவிட்டு, இது டிகாக்ரெலருக்கே உரிய விளைவு என்றும், நுரையீரலுக்கோ இதயத்துக்கோ இதனால் கெடுதல் இல்லை என்றும், தாங்க முடியாவிட்டால் அதே வேலையைச் செய்யும் குளோபிடோக்ரெல் என்ற மருந்துக்கு மாற்றலாம் என்றும் மருத்துவர் சொன்னார். காரணம் தெரிந்ததும் அச்சம் பாதியாகக் குறைந்தது. சில வாரங்களில் மூச்சும் சீரானது. ஆனால் இத்தகைய மூச்சுத்திணறலை மாத்திரையால் வந்தது என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. பரிசோதித்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

ராமிப்ரிலால் வந்த வறட்டு இருமல் வேறு வகை. படுத்தவுடன் தொண்டையில் இறகால் வருடுவதுபோல் அரிக்கும். சளி வராது, இருமல் மருந்துக்கும் கேட்காது. டெல்மிசார்ட்டன் என்ற வேறு ரத்த அழுத்த மருந்துக்கு மாற்றியபின் அது மெல்ல விட்டது.

அடோர்வாஸ்டாட்டின் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருந்தேன். தொடைகளில் ஒரு கனமான வலி வந்தது உண்மை. தசை பாதிப்பைக் காட்டும் சிகே அளவும், கல்லீரல் என்சைம்களும் இயல்பாகவே இருந்தன. மருத்துவர் அடோர்வாஸ்டாட்டினை 40 மி.கி.யாகக் குறைத்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு மருந்தான எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தார், வலி தணிந்தது. 2020-இல் வெளியான சாம்சன் என்ற ஆய்வைப் பிறகு படித்தேன். அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மருந்துகளுக்கு ஸ்டாட்டின் என்று பொதுப்பெயர். பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமே தராமலும் பார்த்தார்கள். ஸ்டாட்டின் எடுத்த மாதங்களில் ஏற்பட்ட தொந்தரவில் சுமார் 90 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்த மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளல்ல. வலிக்கிற எல்லாவற்றுக்கும் அந்த மருந்தே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதே பொருள். ஸ்டாட்டினை ஒரேயடியாக உதறுவதற்கு முன் அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்க்க இடமிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத நன்மை எனக்கு ரத்தப் பரிசோதனைத் தாளில்தான் புலப்பட்டது. மருத்துவர் வைத்த இலக்கு, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 55 மி.கி.க்குக் கீழ். 142-இல் தொடங்கி, எசெட்டிமைப் சேர்த்த பிறகு 52-ஐ எட்டியது. மெட்டோபிரோலால் தொடக்கத்தில் உடம்பைச் சோர்வாக்கி, விரல்நுனிகளைச் சில்லிட வைத்தது. ஆனால் நாடித்துடிப்பை நிதானப்படுத்தி இதயத்தின் வேலைப்பளுவைக் குறைத்தது. இதையும் திடீரென நிறுத்தக் கூடாது.

ஓராண்டு நிறைவில் டிகாக்ரெலரை நிறுத்தும் முடிவை மருத்துவரே எடுத்தார். ரத்தக்கசிவு அபாயத்தையும் ஸ்டென்டின் நிலையையும் எடைபோட்டே ஆளுக்கு ஆள் இந்தக் காலம் மாறும் என்றார். ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரைகளும் தொடர்கின்றன. டெல்மிசார்ட்டன் எடுப்பதால் அடுத்த பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.